தமிழ்ப் பட்டனை எடுக்க மாட்டேன்

அன்பு மகன் ஜோனத்தானுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் சித்தூரில் நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் அவர் உன்னையும் காக்கும்படி காலை ஜெபத்தில் உன் பேரைத்தான் முதலில் சொல்கிறோம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி. நைனாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, பாகாலாவில் உன் சித்தப்பா வீட்டுக்கு ஸ்கூட்டரிலேயே போய்வந்தார், நான் திட்டியும் கேட்கவில்லை.

நம் பிளெக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் விளம்பரம் கேட்க ஆரம்பித்தபோது, கடையில் டிசைன் பார்க்கும் தரணியும் நானும் ‘மூணு தட்டு’ என்று ஒரு ஆப் செய்தது உனக்குத் தெரியும். போட்டோவைப் போட்டு, விலையை எழுதி, தமிழா தெலுங்கா என்று தட்டினால் விளம்பரம் தயார். கோடிங் தெரியாத நாங்கள் திரையில் பெட்டி பெட்டியாக இழுத்து வைத்துக் கட்டியது. அது பொம்மைம்மா, உடைந்தால் யார் சரிசெய்வது என்று நீ அப்போதே கேட்டாய். உடைந்துதான் போனது. போன மாதம் தமிழ் எழுத்து மட்டும் சிதற ஆரம்பித்தது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாலசமுத்திரத்தில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் செங்கம்மா போன் செய்து, யக்கா, என் பேரையே ஒடச்சி வச்சிக்கினு இருக்குது, பள்ளிப்பட்டுல எல்லாம் சிரிக்கிறாங்க என்றாள்.

அந்த வாரம்தான் உன்னோடு காலேஜில் படித்த ஹரிபாபு, மூணு தட்டைத் தன் கம்பெனிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி எங்களைத் திருப்பதிக்குக் கூப்பிட்டான். காபி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினான். இக்கட தமிழ் யாரு ஆண்ட்டி படிக்கிறாங்க, அந்தப் பட்டன எடுத்துடுங்க, இன்னிக்கே சைன் பண்ணிக்கலாம் என்றான். நான் படிக்கிறேம்பா, இதோ தரணி படிக்கிறா, செங்கம்மா படிக்கிறா, எடுக்க மாட்டேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். தரணிக்கு முகம் வெளுத்துவிட்டது, அங்கே அவளுக்கு ஒரு வேலையும் சேர்த்துத்தான் பேசியிருந்தார்கள். நீ வேணும்னா போம்மா, நான் கோவிச்சிக்க மாட்டேன் என்று பஸ்ஸில் சொன்னேன். சந்திரகிரி தாண்டும்போது, எழுத்து எங்க ஒடையுதுன்னு மொதல்ல பாக்கலாம் ஆண்ட்டி என்றாள்.

எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை. ஹரிபாபு சொன்னதே சரியோ என்று எனக்கும் பயம் வந்தது. பட்டனை எடுத்துவிடலாம் என்று கை வைத்தவள், கடைசியாக ஒருமுறை லோயிஸ் என்று என் பேரைத் தட்டிப் பார்த்தேன். என் பேரிலேயே கொம்பு கழன்று தனியாக நின்றது. எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. மறுநாள் தரணி கண்டுபிடித்தாள், விளம்பரத்தைப் படமாக மாற்றும் பெட்டிக்குத்தான் தமிழ் தெரியவில்லை. அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தோம். கொய்யா இப்பதான் கொய்யாவாட்டம் இருக்குது என்று செங்கம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். ஹரிபாபு தானே ஒன்று செய்து வெளியிட்டுவிட்டான், நம் தெலுங்குக் கடைக்காரர்கள் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் நகரி, புத்தூர் பக்கத்தில் தமிழ் படிக்கிற ஆட்கள் புதிதாக வந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நேற்று ஹரிபாபு நைனாவுக்குப் போன் செய்து, ஜோனத்தான் எனக்கு ஸாரி சொல்லிட்டான் அங்கிள், ஆண்ட்டிக்கு விவரம் தெரியலன்னான் என்றானாம். அத அவகிட்டயே சொல்லுப்பா, பக்கத்துலதான் குந்திக்கினு இருக்கறா என்று நைனா போனை என்னிடம் நீட்டினார். அவன் வைத்துவிட்டான். மகனே, விவரம் தெரிந்துதான் நான் எழுந்து வந்தேன். என் பேரில் மன்னிப்புக் கேட்க உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொள். அம்மா சொன்னதுதான் பதில் என்று அவனுக்கு எழுது, இங்கிலீஷில் வேண்டுமானாலும் எழுது, ஆனால் தெளிவாக எழுது.

உன் மேல் கோபம் இருக்கிறது, அதைவிடப் பாசம் இருக்கிறது. வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். ஹரிபாபுவுக்கு அனுப்புவதில் எனக்கும் ஒரு காப்பி வர வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
லோயிஸ் இயேசுதாசன்