எட்டடிப் பேனரில் எவளோ ஒருத்தியின் கால்

கரையான்சாவடி
வியாழக்கிழமை

அன்பு மகள் நிஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே லக்னோ பயிற்சி முகாமில், அந்தக் குளிரில் உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறதோ என்பது ஒன்றுதான் கவலை. நீ போனில் அழுது பதினோரு நாள் ஆகிறது. கேட்டதை அனுப்ப இத்தனை நாளா என்று கோபமாக இருப்பாய். ஆஸ்பத்திரி ஃபைல் அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன், தாமதம் அதில் இல்லை. நீ கேட்ட பழைய போட்டோக்களில்தான் தாமதம், அந்தப் பேனருக்குப் படம் கொடுத்தது யார் என்று நீ கேட்டாயே, அதிலும்தான். போனிலேயே சொல்லிவிடேன் என்கிறார் அப்பா. போனில் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ தாய்லாந்தில் பாரா பாட்மிண்டனில் வெள்ளி வாங்கிய மூன்றாம் நாள் நம் ஃபிளாட்ஸ் சங்கச் செயலாளர் ராஜசேகரன் கேட்டில் எட்டடிக்கு அந்தப் பேனரைக் கட்டினார். எங்கள் குடியிருப்பின் தங்க மகளே என்று கொட்டை எழுத்தில். வாங்கியது வெள்ளி என்று யாராவது சொல்லியிருப்பார்கள், தங்கம் என்றால் சங்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கௌரவம் என்று அவர் நினைத்திருப்பார். கீழே நிர்வாகிகள் பதினோரு பேர் வட்டம் வட்டமாகக் கை கூப்பிக்கொண்டு, அதில் அவர் வட்டம் மட்டும் உன் முகத்தைவிடப் பெரிது. ராக்கெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத மனுஷர். உனக்குப் பத்து வயதில், மழைக்காலத்தில் மட்டும் கீழ் ஹாலில் ஒரு மணி நேரம் ஆட விடுங்கள் என்று நான் மனு எழுதிக் கொடுத்தபோது, டைல்ஸ் கெட்டுவிடும், இப்படிப்பட்ட குழந்தை விழுந்து வைத்தால் சங்கம் பொறுப்பாகாது என்று பதில் அனுப்பிவிட்டு, ஹாலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டவர் இவர்தான். அதன் பிறகுதானே அப்பா விடியுமுன் உன்னை ஸ்கூட்டரில் ஆவடிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு அப்படியே ஃபேக்டரி ஷிஃப்டுக்கு ஓடினார், ஆறு வருஷம். நீ முதல் நேஷனல் ஜெயித்தபோது, உன் பிரிவுக்குப் பாதி கோர்ட்டில்தான் ஆட்டம் என்று எங்கோ கேட்டுவிட்டு, லிஃப்டில் வைத்து என்னிடம் கேட்கிறார், "பாதி கோர்ட்லதானே மேடம் ஆடுறாங்க, மெடல் மட்டும் முழுசா குடுத்துட்டாங்களா?" என்று. கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்தப் பாதி கோர்ட்டில் ஒரு நல்ல காலை வைத்துக்கொண்டு நெட்டுக்கும் பின்கோட்டுக்கும் நீ ஓடுகிற ஓட்டத்தை இவர் இரண்டு நல்ல காலோடு மூன்று நிமிஷம் ஓடிக் காட்டட்டும், ஆம்புலன்ஸுக்கு நானே போன் பண்ணுகிறேன்.

இதெல்லாம் போகட்டும். உன் இடுப்புக்குக் கீழே எவளோ ஒருத்தியின் கால்கள். இரண்டும் ஒரே அளவு, வழவழவென்று, எம்பிக் குதிக்கிற கால்கள். உன் இடது கால் ஷூவுக்கு அடியில் இரண்டு அங்குலம் கட்டை வைத்துத் தைத்திருக்கும் என்பது இந்த அறுபத்து நாலு வீட்டில் யாருக்குத் தெரியாது? ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். அதைத்தான் யாரோ ஒரு புண்ணியவான் பிடித்துக்கொண்டு, கூடவே ஜெகதாம்பாள் அத்தை பெண் பவ்யாவின் ரிசப்ஷனில் நீ மேடை ஏறுகிற வீடியோவையும் சேர்த்து, இவளுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஏமாற்றி ஆடுகிறாள் என்று பாட்மிண்டன் சம்மேளனத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். பெயர் எழுதத் துப்பில்லாத ஜன்மம். அதையும் ஒரு கடிதம் என்று மதித்து இருபதாம் தேதி உன் காலை மறுபடி சோதிக்கப் போகிறார்களாம். நீ இந்தப் பிரிவுக்கு உரியவள் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் ஆசியப் போட்டி மட்டுமா போகும், பத்து வருஷமும் போகும்.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். "நல்லதுக்குத்தானே மேடம் பண்ணோம், பொம்பளப் புள்ள, நாலு பேர் பார்க்கிற எடத்துல கொறையக் காட்டலாமா, நாளைக்கு ஒரு வரன் வந்தா என்ன நெனைப்பாங்க" என்று எனக்கே புத்தி சொல்கிறார். அதோடு விட்டாரா, ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாராட்டு விழா, உனக்குப் பதிலாக நான் வந்து சால்வை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அந்தச் சால்வையை உங்கள் ஹால் பூட்டுக்குப் போர்த்துங்கள் சார், என் பெண்ணை ஆவடி வரைக்கும் துரத்தி ஆட்டம் கற்றுக் கொடுத்தது அதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். விழா நடந்ததாம். உனக்குப் போர்த்த வேண்டியதை அவருக்கே போர்த்தினார்களாம்.

அந்தக் கோபத்தோடு மெயின் ரோட்டில் பேனர் அடித்த முனியன் கடைக்குப் போனேன். அவன் மவுஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னா மேடம் என்னாண்ட சண்டைக்கு வர்றீங்க, சார் குடுத்த போட்டோ இடுப்போட நின்னுக்கீது, எட்டடி பேனர்ல புள்ளைய அந்தரத்துல தொங்கவுட சொல்றீங்களா? சிஸ்டத்துல கீற கால எடுத்து ஒட்னேன். ஊட்ல முழு போட்டோ கீதா? இருந்தா எட்னு வாங்க, ஓசிலயே மாத்தித் தரேன்" என்றான். அவனைத் திட்டத்தான் போனேன், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏனென்றால் இடுப்போடு நிற்கிற அந்தப் படத்தைச் செயலாளருக்கு அனுப்பியது நான்தான் நிஷா. உன்னிடம் தெரியாது என்று சொன்னேன். முழுப் படத்தை வெட்டி அனுப்பியதும் நான்தான், கை தானாக வெட்டிவிட்டது, வெட்டின பிறகு முழுப் படத்தை அழித்தும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து முழு போட்டோ தேடினேன். பீரோ, பரண், அப்பாவின் பழைய போன் எல்லாம் தேடினேன். முதல் பிறந்தநாளில் உனக்கு முன்னால் கேக் மேஜை இருக்கிறது. அடுத்த வருஷங்களில் சோபா முதுகு, குரோட்டன்ஸ் தொட்டி, பவ்யாவின் தோள். பட்டுப்பாவாடையை ஒரு சாண் நீளமாகத் தைக்கச் சொன்னதற்கு ஜெகதாம்பாள் அத்தை மேல் பழி போடலாம், ஆனால் அவள் ஒரு தடவைதான் சொன்னாள், மீதி எல்லாம் நான் செய்தது. மாங்காட்டில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த அம்மனை உருகி உருகிக் கும்பிட்டுவிட்டு, வாசலுக்கு வந்து போட்டோக்காரரிடம் குழந்தையை இடுப்புக்கு மேலே மட்டும் எடுங்கள் என்று சொன்னவள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. ராஜசேகரனாவது வேறு ஒருத்தியின் காலை ஒட்டினார், நான் இருந்த காலையே இல்லாமல் பண்ணினேன். அவரை ஏசுகிற வாயால் என்னை எப்படி ஏசுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆறு வயதில் ஊனமுற்றோர் அட்டைக்காகப் பூந்தமல்லி ஸ்டுடியோவில் எடுத்தது. கால் தெரிய வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் எடுத்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். நீ ஃபிராக்கை முழங்காலுக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு என் காலதான் எடுக்கறாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அட்டைக்கு ஒட்டினது போக மிச்சம் இருந்த ஒரு பிரதியைப் பீரோவில் காகிதத்துக்கு அடியில் சொருகியிருந்தேன். பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் இருக்கிறது. ஃபைலோடு அதையும் கூரியரில் அனுப்புகிறேன், பத்திரம், வேறு பிரதி கிடையாது. நீ அங்கே கோர்ட்டில் நிற்கிற மாதிரி தலை முதல் ஷூ வரைக்கும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. முனியன் ஓசி என்று சொன்ன வார்த்தை இருக்கிறது. பழையதை நேற்று அப்பா ஏணி போட்டு இறக்கிவிட்டார், செயலாளர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. மாங்காட்டு அம்மன் உனக்குத் துணை நிற்பாள், அவளுக்குத் தெரியும் ஒற்றைக் காலில் நிற்பது என்னவென்று. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. பவ்யா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் கூடத்தில் உன்னை மேலும் கீழும் நடக்கவிட்டு, மெதுவாக வை, குதிகாலைத் தூக்கியே வை, தோளை ஆட்டாதே என்று கற்றுக் கொடுத்தேனே, அந்த வீடியோவில் இருப்பது அந்த நடைதான். இருபதாம் தேதி அவர்கள் நடந்து காட்டச் சொல்லும்போது பழக்கத்தில் அது வந்துவிடப் போகிறது. அந்த நடை வேண்டாம் கண்ணு. உன் நடையை நட.

உன் அம்மா,
ரேணுகா