வெள்ளரிப்பழக்காரி யார் குடி?

வயல் விளைக, வாவி நிறைக! ஆம்பலாற்றின் தென்கரை முழுதையும், வடகரையில் இன்னும் வழக்கிலிருக்கும் சில பகுதிகளையும் தம் குடைநிழலில் கொண்டவரும், தம் எல்லை எதுவென்று நாள்தோறும் ஆய்ந்தும் அயராதவருமாகிய வெண்கோட்டு நாட்டு மன்னர் வல்லபப் பெருமாளின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் பூதன் அரங்கன், வடகரைச் செவ்வரை நாட்டு மகாமந்திரி இளநாகனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மன்னரும் மகாராணியாரும் பட்டத்து யானையும் நலமாயிருக்க வேண்டுகிறோம். யானைக்குக் கால்வீக்கம் வடிந்ததா என்று எம்மன்னர் தனியே கேட்கச் சொன்னார்.

தங்கள் ஓலை கண்டோம். அரண்மனை விருந்தில் ஆற்றுமேட்டு வெள்ளரிப்பழம் இல்லாமற் போயிற்றென்றும், அதை விளைவிக்கும் சிலம்பாயி தங்கள் குடியே என்றும், கைக்குழந்தையோடு அவளை உடனே திருப்பியனுப்ப வேண்டுமென்றும் எழுதியிருக்கிறீர்கள். அடேயப்பா! கோடையில் யாரும் எதிர்பாராத வெள்ளம் வந்த அன்று, "அவள் எவளோ, எமக்குத் தெரியாது" என்று ஓலை அனுப்பியவரும் தாங்கள்தானே?

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். நம் இரு நாட்டு வழக்கப்படியும், பிறந்த குழந்தையின் நெற்றியில் ஊர்மண்ணைக் குழைத்து ஊர்த்தலைவர் இட்டால்தான் அது அந்நாட்டுக் குடி. மண் இடப்படாதவருக்குக் கிணற்றில் நீரில்லை, மருத்துவசாலையில் மருந்தில்லை, செத்தால் சுடுகாட்டிலும் இடமில்லை. ஆற்று நடுவே மணல்மேட்டில் பிறந்த சிலம்பாயிக்கும் அவள் பெற்ற மகளுக்கும் எவரும் மண் இடவில்லை. வெள்ளத்தோடு போகிற மேடு ஊராகாது என்பதே காரணம். வேறெதிலும் ஒத்துப்போகாத நம் பண்டிதர்கள் இதில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். அம்மேட்டுப் பழங்களுக்காக நாம் இருமுறை படை திரட்டியிருக்கிறோம். பழத்தை விளைவித்தவர்களுக்காக ஒருவரும் ஒரு கழியைக்கூடத் தூக்கியதில்லை.

பிழை. வெள்ளத்தன்று தூக்கினோம். மேடு கரைந்துபோக, மேட்டினர் எல்லோரும் பரிசல்களில் ஏறினர். சிலம்பாயியின் பரிசல் முதலில் எம் துறைக்கு வந்தது. மடியில் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. எம் காவலர் மிக்க பணிவோடு அப்பரிசலைக் கழியால் தள்ளினார்கள். தங்கள் காவலர் அதே பணிவோடு திருப்பித் தள்ளினார்கள். இரு நாட்டு நட்புறவு அன்று பகல் முழுதும் இவ்வாறே இனிது நடந்தது.

மாலையில் எம்மன்னர் வெள்ளம் காண எழுந்தருளினார். அவரைக் கண்டதும் சிலம்பாயி பரிசலில் எழுந்து நின்றாள். "ஏண்டா குடைக்காரா! உன் தலைக்குக் குடை இருக்கு, எம்புள்ளைக்கு ஒதுங்க ஒரு கரை இல்லையாடா? திங்கிறப்ப இனிச்சுதுல்ல? தின்ன வாயில மண்ணள்ளிப் போட!" என்றாள். அடுத்துச் சொன்னவற்றை ஓலையில் எழுதினால் எழுத்தாணி கூசும்.

மன்னர் முகம் சிவந்து, அவளைச் சிறையிடுமாறு பணித்தார். தருமாசனத்துப் பண்டிதர் திருவெண்காடர் கனைத்துக்கொண்டு, அரசநிந்தை குடிகளுக்கு மட்டுமே உரிய குற்றமென்றும், எந்நாட்டையும் சேராதவள் வைதால் அது வெறும் சத்தமென்றும், சத்தத்தைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லையென்றும் விண்ணப்பித்தார். அப்படியானால் முதலில் அவளைக் குடியாக்கி, பிறகு தண்டிக்கும்படி மன்னர் கர்ச்சித்தார். பொற்றட்டில் மண் வந்தது. சிலம்பாயி நெற்றியில் இட்டார்கள். ஆயுள் முழுதும் எம் நாட்டெல்லையைத் தாண்டலாகாது என்ற கொடுந்தண்டனையும் அங்கேயே விதிக்கப்பட்டது.

அவளோ கரையில் ஒரு காலும் பரிசலில் ஒரு காலுமாக நின்றாள். குழந்தை ஒரு குற்றமும் செய்யாததால் அதற்கு எம் நாட்டில் இடமில்லை என்றார் பண்டிதர். "அதுக்குப் பேச வராதே சாமி. அதுக்கும் சேத்து நானே இன்னொரு தரம் வையட்டுமா?" என்று கேட்டாள். அவரவர் குற்றத்தை அவரவரே செய்ய வேண்டும் என்றார் பண்டிதர்.

பொறுக்க மாட்டாமல் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். ஈரத்தரையில் கிடத்த மனமின்றி, அருகிலிருந்த அரசகொடியை விரித்துக் கிடத்தினேன். சிறிது நேரத்தில் கொடியின் வெண்கோடு நனைந்து மஞ்சளாயிற்று. பண்டிதர் பதறிப்போய், இது நிந்தையினும் பெரிய கொடிநிந்தை என்று தீர்ப்புரைத்தார். குழந்தைக்கும் மண் இடப்பட்டது. தாயோடிருக்கத் தண்டனையும் மருத்துவசாலையில் மருந்தும் கிடைத்தன. இப்போது காய்ச்சல் விட்டு எழுந்து உட்காருகிறாள். கொடியை விரித்தது யார் என்று மன்னர் கேட்கவில்லை.

ஆகவே, தண்டனைக்குட்பட்ட எம் குடிகள் இருவரையும் அனுப்புவதற்கில்லை. பழம் வேண்டுமாயின், எம் கரையில் அவள் விளைவிக்கும்போது அவளிடமே மரியாதையாகக் கேட்டுப் பெறுக.

மேட்டின் மற்றவர்கள் இன்னும் பரிசல்களிலேயே இருக்கிறார்கள். செய்தி அவர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. இன்று விடிந்தது முதல் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் தங்கள் கரையை நோக்கி நிற்பதால், தங்கள் மன்னர் மாலையில் ஆற்றங்கரைக்கு எழுந்தருள வேண்டுகிறோம். எம் துறைக்காவலர் கழிகளைப் போட்டுவிட்டு மண்தட்டு ஏந்தி நிற்க ஆணை பிறந்துள்ளது. தாங்களும் அவ்வாறே செய்க.

மன்னர் மொழிந்தபடி எழுதி, முத்திரை பதித்தோம். மறுபடியும் துவைத்துப் போட்ட கொடி மட்டும் இன்னும் காயவில்லை.