தகட்டின் மேல் காய்ந்த மிளகும் கலைமணிக்கு வந்த மெமோவும்

அனுப்புநர்:
சி. அத்தாயி (வயது 67),
க/பெ (லேட்) சின்னக்கண்ணு,
வாழவந்தி நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
உதவி மின்பொறியாளர் அவர்கள்,
மின் பிரிவு அலுவலகம், கொல்லிமலை.

பொருள்: சோலார் இருவழி மீட்டர் பற்றி 24.3.2025 அன்று நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெறுவதும், ரீடிங் எடுக்கும் கலைமணிக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்யக் கேட்பதும்.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் மாடியில் சோலார் தகடு போட்டு ஒரு வருஷம் ஆகிறது. வாரியத்திடம் வாங்கிய யூனிட் ஒரு எண்ணாகவும், நாங்கள் கொடுத்த யூனிட் இன்னொரு எண்ணாகவும் மீட்டரில் ஓடும். கழித்தது போக மிச்சத்துக்குத்தான் பில். இரண்டு மாதத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டியதில்லை.

2. மார்ச்சில் தொள்ளாயிரத்து எண்பது வந்தது. "சோலாரு போட்டவ ஊட்டுக்குத்தான் பில்லு சாஸ்தி" என்று கொழுந்தன் மனைவி மாதம்மாள் ரோட்டில் நின்று சிரித்தார். அந்த ஆத்திரத்தில், கலைமணி கண்ணாடி போடாமல் பார்த்து எண்ணை மாற்றி எழுதிவிட்டார் என்று தங்களுக்கு எழுதிக் கொடுத்தேன்.

3. கலைமணி 29ஆம் தேதி மெமோவோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. மீட்டரை என் முன்னால் வாசித்துக் காட்டினார். எண் சரிதான். பிறகு ஏணி கேட்டு மேலே ஏறினார். "ஏனுங்க அம்மாயி, இப்பிடி மொளகைப் போட்டு மூடி வெச்சா தகட்டுக்கு எப்பிடிங்க வெயிலு படும்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

4. நடந்தது இதுதான். தகடு வந்தபின் மாடியில் மிளகு காயப்போட இடமில்லை. தகடோ நன்றாகச் சுடுகிறது. தார்ப்பாயை நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, மாசி பிறந்ததிலிருந்து அதன் மேலேயே பரப்பி வந்தேன். ஒவ்வொரு முறையும் நாலே நாளில் காய்ந்த சந்தோஷத்தில் வேறெதுவும் யோசிக்கவில்லை.

5. அன்றே தார்ப்பாயை அவிழ்த்தோம். நாங்கள் கொடுக்கும் எண் மறுநாளே நாலு, அடுத்த நாள் ஐந்து என்று ஏறுகிறது. காலண்டர் தாளில் எழுதி வருகிறேன், நகல் இணைத்துள்ளேன். கடன் வாங்கிப் போட்டது வீணாகிவிட்டதோ என்று பத்து நாள் சோறு இறங்கவில்லை. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

6. கலைமணிக்குத்தான் தூக்கம் இல்லை. ஒப்பந்த வேலையாம். 15ஆம் தேதிக்குள் மெமோ தீராவிட்டால் வேலை போய்விடும் என்று மாதம்மாளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

ஆகவே மெமோவை ரத்து செய்து, கண்ணாடி பற்றி நான் எழுதிய வரியையும் அடித்துவிட வேண்டுகிறேன். பில்லைக் கட்டிவிட்டேன்; மீட்டர் சோதனை வேண்டாம். இதை யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை; என்னை மிரட்டுகிற ஆள் இந்த மலையில் இல்லை. இரண்டு மனுவும் என் கையெழுத்துத்தான், ஒத்துப் பார்க்கலாம்.

மே மாத ரீடிங்குக்கும் கலைமணியையே அனுப்பி வையுங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

நாள்: 9.4.2025
இடம்: வாழவந்தி நாடு

மனுதாரர்,
சி. அத்தாயி