கழுத்தளவு

சுங்குவார்சத்திரம்,
14-9-1991

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். வேலூரில் உன் நர்ஸ் படிப்பு நன்றாகப் போவதில் சந்தோஷம்.

துரைக்குக் கழுத்துப்பட்டை வாங்கப் போவதாகவும், கழுத்தளவு வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மூன்று நாளாக நூலும் கையுமாகச் சுற்றுகிறேன். "அளவெடுக்க நாயி எங்க கீது? உண்மைய எழுதித் தொலைய்யா" என்கிறாள் அம்மா.

போன இரண்டு கடிதத்திலும் துரை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதினேன். எட்டாவதோடு நின்றவன் நான். அந்தப் பொய்யை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். ஆடி பிறந்த வாரமே துரை செத்துப்போய்விட்டான், கண்ணு. உனக்குப் பரீட்சை என்று மறைத்துவிட்டேன்.

வயசுதான், வேறொன்றுமில்லை. அன்று காலை உன் கடிதம் வந்தது. வழக்கம்போல் அவன் மூக்கருகே காட்டினேன். எழுந்திருக்க முடியவில்லை, உன் வாசனைக்கு வாலை மட்டும் ஆட்டினான்.

பட்டைக்கு அளவு கேட்ட உன் கடிதத்தைப் பிரித்ததும் பழக்கத்தில் குனிந்துவிட்டேன். "யாருக்குய்யா காட்டுற?" என்று கேட்ட அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கழுத்தளவு என் கைக்குத் தெரியும். ஒரு சாணும் நாலு விரலும். அவன் இல்லாவிட்டாலும் பட்டையை வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் பொய்க்கார அப்பா