அம்மா சொல்லும் ஆமென்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, உங்கள் மகள் பயத்தோடு எழுதுவது.

இதைக் கிரேனில் ஏறுவதற்கு முன்னால் படிக்காதீர்கள். வேலை முடிந்து கீழே இறங்கி, சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். லீவு முடிந்து வெல்டிங் மாமா விடிந்ததும் அங்கே கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பத்தான் குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள்.

அப்பா, தம்பி இல்லை. போன மாதமே போய்விட்டான். வயிற்றில் அசைவே தெரியவில்லை என்று அம்மா சொன்னதும் மாடி அத்தைதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் அவனைப் பார்த்தேன். உங்கள் மூக்கு.

அம்மாவின் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஓய்வெடுக்கச் சொன்னதைக் கேட்காமல் சலவைக் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். உங்களிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து இரும்பு தூக்குகிற மனுஷனுக்குக் கை நடுங்கக் கூடாதாம். நீங்கள் வந்ததும் தானே சொல்லிக்கொள்வாளாம்.

ஞாயிறுதோறும் போனை முக்காலியில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, முழங்காலில் நிற்கிறோம். நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுகிறீர்கள். வேலைக்காக, அம்மாவின் சுகத்துக்காக, பரீட்சை எழுதும் முன்பே என் கணக்கு மார்க்குக்காக. (மார்க் வந்துவிட்டது. அடுத்த முறை அதை மட்டும் விட்டுவிடுங்கள்.) கடைசியில், பிறக்கப்போகிற பிள்ளைக்காக. அம்மா ஆமென் என்கிறாள். குரல் உடைவதே இல்லை. எனக்குத்தான் ஆமென் வருவதில்லை. டீச்சரம்மா தூங்கிவிட்டாளா என்று என்னைக் கேலி பண்ணிச் சிரித்தீர்களே, அன்றைக்கும் அப்படித்தான்.

போன வாரம் மாடி அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டார். இல்லாத பிள்ளைக்கு ஆமென் சொல்ல நாக்கு கூசவில்லையா, ஆண்டவரிடமே விளையாடுகிறாயா என்று. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜெபத்தில் பொய் சொன்னதற்காக, உயரத்தில் இருக்கும் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அத்தை போனதும் கேட்டேவிட்டேன், அது பொய்தானே என்று.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் இருந்தான்ல? ஏழு மாசம் என்கூடவே இருந்தான். அதுக்குத்தான் ஆமென்."

பிறகு சொன்னாள்: "நானா ஸ்தோத்திரம்னு ஆரம்பிச்சா வாய் வரமாட்டேங்குதுடி. உங்கப்பா சொன்னா பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போயிடறேன். அதையும் விட்டுட்டா ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சே இல்லாமப் போயிடும்."

நல்லது நடந்தால் சொல்வதுதான் ஸ்தோத்திரம் என்று நினைத்திருந்தேன் அப்பா. எல்லாம் உள்ளவருக்கு நாம் கொடுக்க என்ன இருக்கிறது என்றும் யோசித்திருக்கிறேன். அம்மாவிடம் இப்போது அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். அதையும் அவருக்கே கொடுக்கிறாள்.

அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. இதைப் படித்ததும் நீங்கள் ஸ்தோத்திரம் சொல்வதையே நிறுத்திவிட்டால், அம்மா எதைப் பிடித்துக்கொள்வாள்? எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் தம்பிக்குக் குட்டிக் கட்டில் வாங்கிவிட்டீர்கள், சீக்கிரம் அனுப்பப்போகிறீர்கள் என்று மாமா சொன்னார். அது வாசலில் வந்து இறங்கினால் அம்மா தாங்கமாட்டாள். அனுப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுங்கள். அழுகை வந்தாலும் பரவாயில்லை, போனை வைத்துவிடாதீர்கள். வேலைக்காகவும் அம்மாவுக்காகவும் எப்போதும்போல் சொல்லுங்கள். தம்பியிடம் வரும்போது முடியாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் இருந்ததற்காக நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். நீங்களும் அம்மாவும் ஆமென் மட்டும் சொன்னால் போதும்.

ஆண்டவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பாராக.

உங்கள் மகள்