சுமிரெ என்ற பெயர்

நவம்பர் 11
பால் இன்னும் வற்றவில்லை. குழந்தை போய் இருபது நாளாகிறது. சட்டையை மாற்றிக்கொண்டு ஊறுகாய் முள்ளங்கியைக் காயப்போட்டேன்.

நவம்பர் 18
வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் புத்தாண்டு வாழ்த்து கிடையாது. நாம் துக்க அட்டை அனுப்புவோம், அதைப் பார்த்தவர்களும் நமக்கு வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். எப்போது அச்சடிக்கலாம் என்று மாமியாரிடம் கேட்டேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்:

"அஞ்சு நாள் இருந்ததுக்கெல்லாம் துக்கமா? ஊர் சிரிக்கும்."

இருபது வருஷமாக முகம் பாராத தன் சித்தப்பா செத்தபோது மட்டும் துக்க அட்டை அனுப்பினாரே? என் கணவர் தகாயுகி தொலைக்காட்சியைவிட்டுத் திரும்பவில்லை. அம்மா சொல்வதில் தப்பென்ன என்றார். பாவிகள்.

நவம்பர் 19
சுமிரெ. சுமிரெ. இங்கே யாரும் சொல்லாத என் மகளின் பெயர்.

நவம்பர் 24
வாழ்த்து அட்டைக் கட்டையும் முகவரிப் புத்தகத்தையும் மாமியார் என்னிடம் தந்தார். பிள்ளையைக் காப்பாற்றத்தான் துப்பில்லை, கையெழுத்தாவது அழகாக இருக்கிறதே என்றார். வருஷம் முழுக்க அவருக்கிருக்கும் ஒரே சந்தோஷம் புத்தாண்டுக் காலையில் வரும் அந்தக் கட்டு. யார் அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை என்று மாலைவரை எண்ணுவார்.

நவம்பர் 29
நானே வாங்கி வந்த துக்க அட்டைகளில் எழுதி முடித்தேன். 'எங்கள் பேத்தி சுமிரெ அக்டோபரில் காலமானதால் இவ்வாண்டு வாழ்த்துக் கூற இயலவில்லை.' கீழே மாமியார் பெயர். நூற்று முப்பத்திரண்டு வீடுகள். கை வலிக்கிறது. வலிக்கட்டும். வாழ்த்து அட்டைகள் என் தையல் பெட்டிக்கு அடியில்.

டிசம்பர் 4
எல்லாம் அனுப்பியாயிற்றா என்று மாமியார் கேட்டார். ஆயிற்று என்றேன்.

அட்டையைப் பார்த்துவிட்டு மாமியாரின் தங்கை தொலைபேசியில் அழுதார். நல்லவேளை, நான் எடுத்தேன். அத்தையிடம் பேச்செடுக்காதீர்கள், தாங்க மாட்டார் என்றேன். என்ன நல்ல மருமகள் என்றார். சிரிப்பு வந்தது. நான் இப்படியா இருந்தேன்?

டிசம்பர் 22
இன்று வருஷத்தின் மிக நீண்ட இரவு; வழக்கப்படி எலுமிச்சைகளை மிதக்கவிட்டு வெந்நீர்த் தொட்டியில் குளியல். மாமியார் பாடிக்கொண்டே குளித்தார். கடைசியாக நான். இந்தத் தொட்டியில் அவளை ஒருமுறைகூடக் குளிப்பாட்டவில்லை. மூச்சு முட்ட அழுதேன்.

ஜனவரி 1
ஒன்பது மணியிலிருந்து மாமியார் வாசலில், புது கிமோனோவில். தபால்காரர் பக்கத்து வீட்டில் பெரிய கட்டைக் கொடுத்துவிட்டு நம் வீட்டைத் தாண்டிப் போனார். மாமியார் அவர் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறார். இல்லையாம். முகம் வெளுத்து உள்ளே வந்தார்.

"ஒண்ணுகூட வரலையே. எல்லாரும் செத்தா போயிட்டாங்க?"

"இல்ல அத்தை, சுமிரெ மட்டுந்தான்."

தகாயுகி தலை நிமிரவில்லை. புத்தாண்டு சூப் ஆறிக்கொண்டிருந்தது. அதில் இன்னொரு அரிசி உருண்டை போடட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன்.