ஊறிக் கிடந்தவரும் காய்ந்து கிடந்தவளும்

வவாவு தீவு,
ஞாயிறு, சர்ச் முடிந்த பிறகு.

அன்பு மருமகள் லாவினியாவுக்கு உன் அத்தை லுசேயனே எழுதுவது.

முதலில் இதைப் படித்துவிடு. உன் அப்பா பிழைத்துவிட்டார். நேற்று சேம்பங்கிழங்கு தின்றார், உன் அம்மாவைத் திட்டவும் செய்தார். இனி நிதானமாகப் படி.

போனில் உன் அம்மா அழுதுகொண்டே சொன்னது பாதிதான். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே பிதற்ற ஆரம்பித்தார். போன மழையில் மண்ணுக்குள் வைத்தோமே என் வீட்டுக்காரர் பெனி, அவரைக் கூப்பிட்டு, "மச்சான், படகைத் தள்ளு" என்றார். கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் வளர்ந்தபின் ஓர் அறையில் இருக்கக் கூடாது என்பது நம் தீவு முறையாயிற்றே, தம்பி படுத்திருக்கும் அறைக்குள் அக்கா நான் எப்படிப் போவேன்? வராந்தாவில்தான் பாய் விரித்திருந்தேன். அங்கே இருந்தே கேட்டேன். உன் மாமா போனதும் அதே வார்டில்தான்.

உன் அப்பாவுக்கு ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டதாம், அதனால்தான் அந்தப் பிதற்றலாம். பக்கத்து அறையில் மீன்காரி சலோமே, வாந்தி பேதியோடு வந்தவள். அவளுக்கும் உப்புக் குறைவுதான். அவளுக்கு உப்புத்தண்ணீர் பாட்டில் ஏறுகிறது, என் தம்பிக்கோ குடிக்கிற தண்ணீரையே அளந்து கொடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரம். உப்பு மாட்டிறைச்சியை வேகவைத்து இளநீரோடு உள்ளே அனுப்பினேன். "டாக்டர் வேணாம்னாரே அண்ணி" என்று உன் அம்மா முனகினாள். "அவனுக்கு அக்கா நானா, டாக்டரா?" என்றேன். அதற்கு மேல் நாத்தனார் சொல்லை அவள் எங்கே தட்டுவாள்? ஊட்டிவிட்டாள்.

மாலையில் மூச்சுத் திணறல் கூடிவிட்டது. நர்ஸ் கலோலைனே அந்தக் கிண்ணத்தோடு வராந்தாவுக்கு வந்தாள். "உள்ளயே வராம உத்தரவு மட்டும் போடுறீங்களே அத்தை, அவரு காலைப் பாத்தீங்களா? அமுக்குனா விரல் பதிஞ்ச குழி அப்படியே நிக்குது. சலோமே காஞ்சு கிடக்கா. அவளுக்கு உப்பும் போச்சு, தண்ணியும் போச்சு, ரெண்டையும் ஏத்துறோம். உங்க தம்பி ஊறிக் கிடக்காரு. அவரு ரத்தம் ஒரு சூப்புன்னு வச்சுக்குங்க, அதுல உப்பு குறையல, தண்ணி கூடிப்போச்சு. இன்னும் உப்பைப் போட்டா அது இன்னும் தண்ணியத்தான் பிடிச்சு வைக்கும்" என்றாள்.

நான் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை, லாவினியா. எப்படிப் பார்ப்பேன்?

பிறகு நீர் இறங்க ஊசி போட்டார்கள். உப்பு மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டுமாம், அவசரப்பட்டால் மூளைக்கு ஆபத்தாம். கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் காலையில் உள்ளே இருந்து உன் அம்மாவிடம் உன் அப்பாவின் குரல்: "வராந்தாவுல ஒரு மகாராணி உக்காந்திருக்காங்களே, அவங்க இனிமே எனக்குச் சமைக்க வேணாம்னு சொல்லு." புத்தி தெளிந்துவிட்டது! சுவரைப் பார்த்துச் சிரித்தேன். பெனி போனபின் என் சிரிப்பு என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

சிட்னியிலிருந்து வழக்கம்போல உப்பு மாட்டிறைச்சி வாளி எதுவும் அனுப்பாதே. நீ வா. வரும்போது பூப்போட்ட சட்டையாக எடுத்து வா. துக்கக் கறுப்பு வேண்டாம், இந்தக் குடும்பத்துக்கு பெனிக்காக நான் உடுத்தியிருப்பதே போதும்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அத்தை,
லுசேயனே